முந்நல அலுவலகமும் ஒரு கொத்தனாரின் காய்ச்சலும்

மனிதருக்கு வரும் நோயும் விலங்குக்கு வரும் நோயும் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் நோயும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்று மேலிடத்துக்குத் தெரியவந்தபோது, முதல் வேலையாக ஒரு சுவரை இடித்தார்கள். அதுவரை மருத்துவமனை ஊருக்கு வடக்கே இருந்தது. கால்நடை மருந்தகம் தெற்கே இருந்தது. சுற்றுச்சூழல் அலுவலகம் எங்கே இருந்தது என்று அதில் வேலை பார்த்தவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. மூன்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து ‘முந்நல ஒருங்கிணைப்பு அலுவலகம்’ என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். சுவர் போனதும் கூடம் விசாலமாக, நல்ல காற்றோட்டத்துடன் இருந்தது. இரண்டு மாதம் கழித்து, ஒவ்வொரு துறைக்கும் தனிக் கோப்பறை வேண்டும் என்று எழுதிக் கேட்டதில் அதே கூடத்துக்குள் மூன்று சுவர்கள் எழும்பின.

அந்த மூன்று சுவர்களையும் கட்டியவர் பக்கத்துக் கிராமத்துக் கொத்தனார். அவருடைய காய்ச்சல்தான் இங்கே விஷயம்.

கொத்தனாரின் மனைவியை ஊரில் பால்காரி என்பார்கள். ஏழு ஆடுகள் வைத்திருந்தாள். வீடு ஒற்றை அறை. பின்னால் சாய்ப்பு இறக்கி ஆடுகளைக் கட்டியிருந்தார்கள். மழை பிடித்தால் ஆடுகள் அறைக்குள் வந்துவிடும். முற்றத்தில் கைப்பம்பு. அதன் ஈரத்திலேயே பாத்திரமும் துணியும் ஆட்டுத் தொட்டியும் கழுவப்படும். ஒரே மாதத்தில் மூன்று ஆடுகள் குறைமாதத்தில் குட்டி தள்ளின. மூன்று முறையும் கொத்தனார்தான் வெறுங்கையால் எடுத்துப் போட்டார். சுண்ணாம்பும் சிமெண்டும் அரித்து வெடிப்பு விட்ட கைகள். அதற்குப் பிறகு அவருக்கு மாலையானால் குளிர் வந்தது. போர்வைக்குள் பல் கிட்டும். காலையில் வேர்த்துக் கொட்டி விட்டுவிடும். பகலில் முதுகும் இடுப்பும் கழன்றுபோன மாதிரி வலிக்கும். மூன்றாவது வாரத்தில் சாரத்தில் ஏறியவர், சுவரின் நேர் பார்க்கும் தூக்குக்குண்டு தன் கையில் நடுங்குவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். அதன் பிறகு ஏறவில்லை.

பால்காரி முந்நல அலுவலகத்துக்குப் போனாள்.

வாசலில் இருந்து தரையில் மூன்று கோடுகள் போட்டிருந்தார்கள். மக்கள் வெள்ளைக் கோட்டில் நிற்க வேண்டும். ஆடு, மாடு, கோழி சம்பந்தமாக வந்தவர்களுக்கு மஞ்சள் கோடு. தண்ணீர், சாக்கடை, குப்பைக்கு நீலம். மூன்று கோடுகளும் வாசற்படியில் ஒன்றாகத் தொடங்கி, உள்ளே போகப்போக விலகின. அவள் வெள்ளையில் நின்றாள். முறை வந்ததும் எழுத்தர் தலையைத் தூக்காமல், “சொல்லும்மா” என்றார்.

“சார், எங்க வீட்டுக்காரருக்கு மூணு வாரமா காய்ச்சல். சாயங்காலம் ஆனா நடுங்குது. அதுக்கு முன்னாடி ஆடு மூணு குறைமாசத்துல குட்டி தள்ளிச்சு. இவர்தான் கைய விட்டு எடுத்தாரு. அதுலேர்ந்துதான்...”

“நிறுத்து.” எழுத்தர் பேனாவைத் தூக்கினார். “காய்ச்சல் வரைக்கும் என்னுது. ஆடு மஞ்சள் கோடு.”

“அதுலேர்ந்துதான் இவருக்கு வந்துச்சோன்னு ஒரு பயம் சார்.”

“‘அதுலேர்ந்து’ எங்க யாரோடதும் இல்ல.”

“அப்ப அத யார்கிட்ட சொல்றது?”

“ஒண்ணையும் இன்னொண்ணையும் தொடர்புபடுத்தற அதிகாரம் ஒருங்கிணைப்புக் குழுவுக்கு மட்டும்தான் இருக்கு. மாசத்துல ரெண்டாவது செவ்வாய்க்கிழமை கூடுவாங்க.”

“இன்னிக்கு என்ன கிழமை சார்?”

“புதன்.”

“எத்தனாவது புதன்?”

“ரெண்டாவது செவ்வாய்க்கு மறுநாள்.”

உள்ளே மருத்துவர் பொறுமையான மனிதர். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“ஆட்டுலேர்ந்து வந்திருக்கலாம். எனக்குத் தெரியுது. ஆனா இந்தச் சீட்டுல ‘ஆடு’ன்னு நான் எழுத முடியாது. போன வருஷம் ஒரு சீட்டுல ‘நாய்’னு எழுதிட்டேன். பக்கத்துச் சுவருக்குள்ள கை நீட்டினதா என்மேல விளக்கம் கேட்டாங்க.”

“நாய் கடிச்சவங்களுக்கு என்னன்னு எழுதுவீங்க டாக்டர்?”

“காயம். காரணம்: வெளிப்புறம்.” காய்ச்சல் மாத்திரை எழுதிக் கொடுத்தார். “இதப் போட்டா குறையும்.”

“திரும்ப வந்தா?”

“திரும்பப் போடுங்க.”

மஞ்சள் கோட்டின் முடிவில் இருந்த கால்நடை மருத்துவர் ஒரு பெண். முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு, நின்றுகொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தார். பால்காரி முதல் வரியைச் சொன்னதுமே டம்ளரை வைத்துவிட்டார். மறுநாள் பால்காரி ஏழு ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆடுகள் வெள்ளையையும் நீலத்தையும் தாராளமாக மிதித்தன. ஒன்று எழுத்தரின் மேசையில் இருந்த படிவத்தைப் பாதி தின்றது. அந்தப் பாதியில் என்ன இருந்தது என்று இன்றுவரை விசாரணை நடக்கிறது.

சோதனை சுலபமானது. ரத்தத்தைக் குப்பியில் எடுத்து வைத்தால் உறைந்து, மேலே தெளிநீர் நிற்கும். அதில் ஒரு சொட்டை வெள்ளைப் பீங்கான் ஓட்டில் விட்டு, சிவப்புச் சாயம் ஒரு சொட்டு கலந்து, நாலு நிமிடம் அசைக்க வேண்டும். நோய் இல்லையென்றால் நிறம் ஒரே சீராக இருக்கும். நோய் இருந்தால் பால் திரிந்த மாதிரி துகள் துகளாகும். நாலு ஆடுகளுக்குச் சீராக இருந்தது. குட்டி தள்ளிய மூன்றுக்கும் திரிந்தது.

“பாலைக் காய்ச்சாம ஒரு சொட்டு குடிக்காதீங்க, விக்காதீங்க. இந்த மூணையும் தனியா கட்டு. குட்டி போட்டா கையுறை மாட்டாம கைய வைக்காதே” என்றார் கால்நடை மருத்துவர். “உன் வீட்டுக்காரருக்கும் இதே வியாதியாத்தான் இருக்கும். ஆறு வாரம் ரெண்டு மாத்திரை சேர்த்துச் சாப்பிட்டா போயிடும். விட்டா முதுகெலும்புல போய் உட்கார்ந்துக்கும்.”

“அவருக்கு என்ன சோதனை மேடம்?”

“இதேதான். இதே சாயம், இதே ஓடு, இதே நாலு நிமிஷம்.”

“அப்ப பண்ணிடுங்களேன்.”

கால்நடை மருத்துவர் பின்னால் இருந்த சுவரைக் காட்டினார். அது அவள் கணவர் கட்டிய சுவர்தான். நல்ல உறுதியான சுவர்.

இரண்டாவது செவ்வாய் வருவதற்குள் கொத்தனார் பாதியாக இளைத்துவிட்டார். அன்று காலை குழுவின் ஆய்வுக்காக மூன்று வண்டிகள் வந்து வீட்டு முன்னால் நின்றன. மருத்துவர், கால்நடை மருத்துவர், சூழல் அலுவலர் மூவரும் தனித்தனி வண்டியில் இறங்கினார்கள். குழுவை நடத்தும் ஒருங்கிணைப்பாளருக்குச் சொந்த வண்டி கிடையாது. யாருடைய வண்டியில் ஏறினாலும் மற்ற இருவரும் வருத்தப்படுவார்கள் என்பதால் அவர் பேருந்தில் வந்தார்.

“அம்மா,” என்றார் ஒருங்கிணைப்பாளர், முற்றத்தின் நடுவில் நின்று. “நீங்க இத வீடுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. இது வீடு இல்ல. மனிதன், விலங்கு, சூழல் மூணும் சந்திக்கிற இடம். இத நான் ஒரு கருத்தரங்குல சொன்னேன். எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க.”

“அவருக்கு மருந்து எப்ப சார் குடுப்பீங்க?”

“அவசரப்படக் கூடாது. நோய் ஒருங்கிணைஞ்சு வருது. நாம அதவிட நல்லா ஒருங்கிணையணும். இதுவரைக்கும் பதினாறு கூட்டம் நடத்தியிருக்கேன். ஒரு கூட்டத்துலகூட கருத்து வேறுபாடு வந்ததில்ல. எப்படின்னு கேளுங்க.”

“எப்படி சார்?”

“யாரையும் பேச விட்டதில்ல.”

ஆய்வு தொடங்கியது. முதலில் எல்லை பிரிக்க வேண்டும். சூழல் அலுவலர் பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, வீட்டையும் முற்றத்தையும் மூன்றாகக் கோடு போட்டார். அடுப்பும் கட்டிலும் மனிதப் பகுதி. சாய்ப்பு விலங்குப் பகுதி. இரண்டிலும் சேராத கைப்பம்பும் அதைச் சுற்றிய ஈர மண்ணும் சூழல். கட்டிலுக்கடியில் ஒரு குட்டி ஆடு படுத்திருந்தது. அது மனிதப் பகுதியில் இருக்கும் விலங்கா, விலங்கு புகுந்த மனிதப் பகுதியா என்று இருபது நிமிடம் பேசினார்கள். முடிவில் ‘வகைப்படுத்தப்படாதது’ என்று எழுதிக்கொண்டார்கள். குட்டி எழுந்து முற்றத்துக்குப் போயிற்று. மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அடுத்தது புகைப்படம். முந்நலம் என்பது தெரியும்படி மனிதர், விலங்கு, மரக்கன்று மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மரக்கன்றை வண்டியிலேயே கொண்டுவந்திருந்தார்கள். காய்ச்சலில் கிடந்த கொத்தனாரைத் தூக்கி உட்காரவைத்து, குட்டி தள்ளிய ஆடுகளில் ஒன்றை இழுத்து வந்தார்கள்.

“சார், அந்த ஆட்டுக்கு நோய் இருக்கு. அத அவர் தொடக் கூடாது” என்றார் கால்நடை மருத்துவர்.

“ஒரே ஒரு படம்தானே, டாக்டர். கன்னத்துல லேசா வச்சுக்கிட்டா போதும்.”

“யார் கன்னத்துல?” என்றார் கொத்தனார்.

படம் எடுக்கப்பட்டது. அதில் ஆடு மட்டும் சிரிப்பது போலத் தெரிந்தது.

பிறகு மருத்துவரோடு வந்திருந்த நர்ஸ் கொத்தனாரின் கையில் ரத்தம் எடுத்துக் குப்பியில் விட்டு மூடினார். பால்காரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மருத்துவர் படிவத்தை விரித்தார். குப்பி தலைநகரச் சோதனைக்கூடத்துக்குப் போக வேண்டும். ஏழாவது கட்டத்தில், ‘நோய் எந்த விலங்கிடமிருந்து வந்தது, அந்த விலங்கின் உறுதிச் சான்று எண்’ என்று கேட்டிருந்தது.

“ஆட்டோட சான்று எண் சொல்லுங்க” என்றார்.

“சான்று இன்னும் வரல” என்றார் கால்நடை மருத்துவர். “என் படிவத்துல ஏழாவது கட்டம், ‘இந்த விலங்கால் பாதிக்கப்பட்ட மனிதரின் உறுதிச் சான்று எண்’. அத நீங்க குடுக்கணும்.”

“அவருக்கு உறுதியாகணும்னா ஆட்டோட எண் வேணுமே.”

“ஆட்டுக்கு எண் வரணும்னா அவரோட எண் வேணும்.”

இருவரும் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “இதுதான் ஒருங்கிணைப்பு! ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர் ஒரு அடி நகர முடியாது பாருங்க. இந்தப் படிவத்த வடிவமைச்சதே நான்தான்.”

ஏழாவது கட்டம் காலியாக இருந்ததால் குப்பியை வாங்கிக்கொள்ள முடியாது என்றார் நர்ஸ். அரசுச் சொத்தாகாத குப்பியை அரசு வண்டியில் ஏற்றவும் முடியாது. ஒரு தாளில் சுற்றிப் பால்காரியின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். இரண்டு வண்டிகள் போயின. ஒருங்கிணைப்பாளர் பேருந்துக்கு நடந்தார். கால்நடை மருத்துவர் மட்டும் ஆடுகளைப் பார்க்கவேண்டும் என்று தங்கிவிட்டார்.

பால்காரி குப்பியைக் கட்டில் காலோரம் வைத்துவிட்டு, தொட்டியைக் கழுவினாள். கழுவிய தொட்டியையே மறுபடியும் கழுவினாள். மத்தியானம் ஆனபோது குப்பியில் ரத்தம் அடியில் உறைந்து, மேலே மஞ்சளாகத் தெளிந்து நின்றது.

“மேடம், உங்க பொட்டியில அந்தச் சாயம் இருக்கா?”

“இருக்கு. ஆனா சொட்டு எண்ணிக்கை பதிவேட்டுல ஏறணும். ஒவ்வொரு சொட்டும் ஒரு விலங்குக்குப் போயிருக்கணும். விலங்கு இல்லாத சொட்டுக்கு நான் பதில் சொல்லணும்.”

பால்காரி கட்டிலைப் பார்த்தாள். கொத்தனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

“எழுதிக்கோங்க மேடம். எட்டாவது ஆடு.”

கால்நடை மருத்துவர் பேனாவை எடுத்தார். பதிவேட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டார்.

“கிடாவா பெட்டையா?”

“கிடா.”

“வயசு?”

“நாற்பத்திரெண்டு.”

“ஆட்டுக்கு அவ்வளவு வயசு ஆகாதும்மா.”

“நாலுன்னு போடுங்க. புத்தி அவ்வளவுதான்.”

“நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றது கட்டில்.

“நிறம்?”

“கறுப்பு. தலையில மட்டும் கொஞ்சம் வெள்ளை.”

“கொம்பு?”

“கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தது.”

“பல்லு எத்தனை?”

“ஏங்க, வாயத் திறங்க. மேடம் கேக்கறாங்க.”

கொத்தனார் திரும்பி வாயைத் திறந்தார். சிரிப்பதற்காகத் திறந்தாரா எண்ணுவதற்காகத் திறந்தாரா என்று தெரியவில்லை. கால்நடை மருத்துவர் முழங்காலில் வெள்ளை ஓட்டை வைத்து, ஒரு சொட்டு, அதன்மேல் ஒரு சொட்டு விட்டு அசைத்தார். மூன்றாவது நிமிடத்திலேயே திரிந்துவிட்டது.

“அதேதான்” என்றார். “சந்தேகமே இல்ல.”

ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெரிந்திருந்த ஒன்று அன்றைக்குத்தான் உறுதியானது. பால்காரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நோய்க்கு ஒரு சீட்டாவது கிடைச்சுதே” என்றாள்.

மறுநாள் கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த அந்தச் சோதனைச் சீட்டை மருத்துவரிடம் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். “இது ஆட்டுக்கான அறிக்கை. நான் ஆட்டுக்கு மருந்து தர முடியாது.”

“அது இவருதான் டாக்டர்.”

“எனக்குப் புரியுது. ஆனா எனக்குப் புரிஞ்சதுக்குப் படிவம் இல்ல.”

பதிவேட்டின் நகல் வெள்ளிக்கிழமைதோறும் ஒருங்கிணைப்பாளரின் மேசைக்குப் போகும். இதை மஞ்சள் கோட்டிலும் யாரும் யோசிக்கவில்லை, கட்டிலிலும் யோசிக்கவில்லை. எட்டாவது ஆட்டைப் பார்த்ததும் அவருக்குப் பெரிய நிம்மதி. மூன்று ஆடுகள் என்றால் தற்செயல், நான்கு என்றால் நோய்ப்பரவல் என்பது விதி. அதுவரை அந்த அலுவலகம் ஒரு நோய்ப்பரவலைக்கூடக் கண்டுபிடித்ததில்லை. மூன்று துறைகளும் ஒரே நாளில் கையெழுத்திட்டன, சரித்திரத்தில் முதல்முறையாக. புதன்கிழமை வீட்டுக் கதவில் ஆணை ஒட்டப்பட்டது: ‘நோய் உறுதியான 2, 3, 6, 8 எண்ணுள்ள விலங்குகள் நான்கும் ஏழு நாட்களுக்குள் அழிக்கப்பட்டு, ஆறடி ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதைக்கப்படும்.’

பால்காரி ஆணையை உரக்கப் படித்தாள். கொத்தனார் போர்வைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆறடி போதாது” என்றார். “நான் உயரம்.”

“சும்மா இருங்க” என்றாள்.

ஏழாம் நாள் வந்தார்கள். சூழல் அலுவலர் குழி வெட்ட ஆட்களோடு வந்து, வரைபடத்தைப் பார்த்து நேராகக் கைப்பம்பின் பக்கம் போனார்.

“இங்கயா தோண்டப் போறீங்க?” என்றாள் பால்காரி. “குடிக்கிற தண்ணி சார்.”

“குழி சூழல் பகுதியிலதான் இருக்கணும். அன்னிக்குக் கோடு போட்டப்ப சூழல் இதுதான். தண்ணி குடிக்கிறது மனிதப் பகுதி, அது டாக்டர்கிட்ட கேளுங்க.”

பால்காரி சுற்றும் முற்றும் பார்த்தாள். சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தாள். அலுவலரின் பையில் நீட்டிக்கொண்டிருந்த சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி, தரிசைத் தாண்டி, மேட்டின் அந்தப் பக்கம் போய்ப் புதிதாக ஒரு கட்டம் போட்டாள். சூழல் அலுவலர் பின்னாலேயே போய்ப் பார்த்தார். கோடு நேராக இருந்தது. கொத்தனாரின் மனைவி அல்லவா. வரைபடத்தில் கோடு இருக்க வேண்டும் என்றுதான் இருந்தது, தரையிலும் கோடு இருந்தது. “சரி, இங்க தோண்டுங்கப்பா” என்றார்.

மூன்று ஆடுகளும் போயின. இரண்டாம் எண் ஆடு அவள் கைபட்டால்தான் பால் சுரக்கும். மற்றவர்கள் பிடித்துக்கொண்டு போகும்போது அது திரும்பித் திரும்பி அவளையே பார்த்துக் கத்தியது. அவள் அவிழ்த்த கயிறுகளைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டு அங்கேயே நின்றாள்.

ஒருங்கிணைப்பாளர் பட்டியலைப் பார்த்தார். “எட்டாவது எங்கே?”

கட்டிலில் இருந்து ஒரு கை உயர்ந்தது.

எல்லோரும் கட்டிலைச் சூழ்ந்தார்கள். விஷயம் விளங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. விளங்கியதும் ஒருங்கிணைப்பாளரின் முகத்தில் ரத்தம் இல்லை. அவருடைய கவலை கொத்தனாரைப் பற்றியது அல்ல.

“இவர் மனுஷன்னா எட்டாவது விலங்கு இல்ல. எட்டாவது இல்லைன்னா நோய்ப்பரவல் இல்ல. நோய்ப்பரவலைக் கண்டுபிடிச்சுக் கட்டுப்படுத்தினதா மேலிடத்துக்கு அறிக்கை போயாச்சு. பாராட்டுக் கடிதமும் வந்தாச்சு. இப்ப இவர் மனுஷன்னு சொன்னா என்ன ஆகும்?”

“நான் மனுஷன்தான் சார்” என்றார் கொத்தனார், வருத்தம் தெரிவிக்கிற குரலில்.

“தயவுசெய்து நீங்க பேசாதீங்க. டாக்டர், நீங்க சொல்லுங்க. இவர் யாரு?”

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூணு துறையும் கையெழுத்துப் போட்ட ஆவணத்துல விலங்குன்னு இருக்கு. அதுல என் கையெழுத்தும் இருக்கு. என் கையெழுத்த நானே மறுக்க முடியாது.”

“அப்ப அழிக்கணுமே!” என்று வாய்விட்டுச் சொன்ன ஒருங்கிணைப்பாளர், அந்தச் சொல் தன் காதில் விழுந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். முற்றத்தில் குழி வெட்டும் ஆட்கள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்து என்ன என்பது போல நின்றார்கள்.

“விதி பத்தொன்பது” என்றார் கால்நடை மருத்துவர்.

“அதுல என்ன இருக்கு?”

“இனவிருத்திக்கு உயர்ந்த மதிப்புள்ள விலங்கா இருந்தா அழிக்க வேண்டியதில்ல. இருக்கிற இடத்துலயே வச்சு, ஆறு வாரம் மருந்து குடுத்துக் குணமாக்கலாம். மருந்து எங்க மருந்தகத்துல இல்லைன்னா மனிதர் மருந்தகத்துலேர்ந்து வாங்கிக்கலாம்.”

ஒருங்கிணைப்பாளர் கொத்தனாரை ஏற இறங்கப் பார்த்தார். ஒட்டிய கன்னம், ஒரு மாதத் தாடி, துருத்திக்கொண்டிருந்த தோள் எலும்பு. “உயர்ந்த மதிப்பு...” என்று இழுத்தார். “உரிமையாளர் சான்று சொல்லணுமே. அம்மா, என்ன சொல்றீங்க?”

“இதவிட ஒசத்தி இந்தச் சுத்துவட்டாரத்துலயே கிடையாது சார்” என்றாள் பால்காரி.

இருபது வருடத் தாம்பத்தியத்தில் கொத்தனார் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. விலங்குக்கு என்றால் மருத்துவருக்கு ஏழாவது கட்டம் கிடையாது. அவர் மிகத் தெளிவாக, அளவோடு, வேளையோடு, என்னென்ன சாப்பிடக் கூடாது என்பதுவரை எழுதினார். அவ்வளவு நல்ல சீட்டை அவர் மனிதர் யாருக்கும் எழுதியதில்லை. மாத்திரைப் பெட்டியின்மேல் ‘மனிதர்களுக்கு அல்ல’ என்று முத்திரை குத்தப்பட்டது. எண் பொறித்த மஞ்சள் பிளாஸ்டிக் வில்லையைக் காதில் குத்த வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் பிடிவாதம் பிடித்தார். உயர்ந்த மதிப்புள்ள விலங்கின் காதைச் சேதப்படுத்தினால் மதிப்புக் குறையும் என்று கால்நடை மருத்துவர் சொன்னதால், சட்டைப் பித்தானில் மாட்ட ஒத்துக்கொண்டார். பால்காரி உரிமையாளர் என்ற இடத்தில் கையெழுத்திட்டாள்.

“இத்தனை நாள் வாயால சொல்லிக்கிட்டு இருந்தா. இப்ப எழுதியே வாங்கிட்டா” என்றார் கொத்தனார்.

நிபந்தனைகளையும் அவள் படித்துக் காட்டினாள். விற்கக் கூடாது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மற்ற மந்தைகளோடு கலக்க விடக் கூடாது.

“கேட்டீங்களா? டீக்கடைப் பக்கம் போகக் கூடாதாம்.”

இரண்டாவது வாரத்தில் நடுக்கம் நின்றது. நான்காவது வாரத்தில் கொத்தனார் எழுந்து, சாய்ப்பில் விரிசல் விட்ட இடத்தைப் பூசினார். ஆறு வாரம் முடிந்து சாரத்தில் ஏறியபோது தூக்குக்குண்டு அசையாமல் நின்றது. கீழே கலவை குழைத்தவர்கள் சட்டையில் மஞ்சள் வில்லையைப் பார்த்து, “என்ன அண்ணே இது?” என்று கேட்டார்கள். “என் மதிப்பு” என்றார்.

முந்நல அலுவலகத்தின் ஆண்டு அறிக்கை அந்த மாதமே வெளியானது. அந்தக் கிராமத்துக்கு நேரே மனிதருக்குப் பரவிய நோய் ‘இல்லை’ என்று போட்டிருந்தது. பாதிக்கப்பட்ட விலங்குகள் நான்கு, அழிக்கப்பட்டவை மூன்று, காப்பாற்றப்பட்டது ஒன்று. அட்டையில் மரக்கன்றும் ஆடும் கொத்தனாரும் இருந்தார்கள்.

பால்காரி மஞ்சள் கோட்டின் வழியே உள்ளே போனாள். கால்நடை மருத்துவர் பதிவேட்டை எடுத்தார்.

“எட்டாவதுக்குக் குணமாயிடுச்சு, சந்தோஷம். பேர் நீக்கணுமா? நீக்கறதுக்கு ரெண்டு காரணம்தான் இதுல இருக்கு. ஒண்ணு சாவு, இல்லைன்னா விற்பனை.”

“ரெண்டும் வேணாம் மேடம். இருக்கட்டும். அடுத்த காய்ச்சலுக்கு ஆகும்.”

சொல்லிவிட்டு அவள் எழுந்து போகவில்லை. மடியில் இருந்து தாளில் சுற்றிய ஒரு குப்பியை எடுத்து மேசையில் வைத்தாள். அன்று காலை வெள்ளைக் கோட்டில் ரத்தம் எடுத்துவிட்டு, ஏழாவது கட்டம் காலி என்று நர்ஸ் திருப்பிக் கொடுத்த குப்பி. உறைந்து தெளிந்திருந்தது.

கால்நடை மருத்துவர் அதைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “எத்தனை நாளா?”

“பத்து நாளா. சாயங்காலம் ஆனா முதுகு விட்டுப் போகுது. அவர்கிட்ட சொல்லல. இப்பதான் சாரம் ஏறியிருக்காரு.”

ஓடு, சொட்டு, சொட்டு. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு நிமிடம் ஆகவில்லை.

கால்நடை மருத்துவர் ஓட்டை ஓரமாக வைத்துவிட்டு, பேனாவின் மூடியைக் கழற்றினார். எண்: ஒன்பது. பெட்டை. வயதைக் கேட்காமலே நாலு என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

“உரிமையாளர்னு ஒருத்தர் வேணும். உன் வீட்டுக்காரர் பேரைப் போட முடியாது. அவர் எட்டாவது ஆடு. ஆடு ஆட்டுக்கு உரிமையாளரா இருக்க முடியாதே.”

“எட்டாவதுக்கு நான்தானே மேடம் உரிமையாளர்? அதுல நான் மனுஷிதானே?”

“அதுல மனுஷி. இதுல ஆடு. இது வேற பக்கம்.”

பால்காரி யோசித்தாள். “அப்ப என்ன பண்றது?”

கால்நடை மருத்துவர் சுவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு உரிமையாளர் என்ற இடத்தில் தன்னுடைய பெயரையே எழுதிக் கையெழுத்திட்டார். பக்கத்தைத் திருப்பி மருந்துச் சீட்டுக்கு மணி அடித்தார்.

ஒன்பதாவது ஆடு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, மடியில் கைகோத்து, சீட்டு வரும்வரை காத்திருந்தது.